பேசாப் படம் கேட்ட கேள்வி



சில வாரங்களுக்கு முன், பிள்ளைகளின் வற்புறுத்தலுக்கு இணங்கி, எங்கள் வீட்டில் மிகப் பழைய படம் ஒன்றைப் பார்த்தோம். கறுப்பு வெள்ளைப் படம். அதிலும் பேசாப் படம். வாய் அசையும், குரல் வராது. பேச்சு முழுவதும் இடையிடையே எழுத்தாக வந்து போகும். மூத்த மகன் அந்த எழுத்துகளைப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டு மூத்தம்மாவும் வந்திருந்தார். இஸ்லாமியப் பெரியவர், எங்கள் பிள்ளைகளுக்கும் அவர் மூத்தம்மாதான்.

படத்தின் பிற்பகுதியில் நிலத்துக்கு அடியில் உள்ள ஒரு நகரத்தில் வெள்ளம் புகுகின்றது. முதலில் தரையின் வெடிப்புகளில் நீர் கசிகின்றது. பின் பெருகுகின்றது. ஒவ்வொரு ஒழுங்கையிலிருந்தும் பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். முற்றத்தின் நடுவே ஒரு மேடை. அதிலே பெரிய மணி. மேடையில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பிடித்தபடி ஏறி நிற்க, கைகள் எல்லாம் மேலே நீண்டிருக்க, நீர் இடுப்பளவுக்கு வந்துவிடுகின்றது.

அந்த நேரத்தில் மூத்தம்மா எழுந்து வெளியே போய்விட்டார்.

கல்முனைக் கரையில் வாழும் எவருக்கும் அதன் காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. படம் முடிந்து நான் வெளியே வந்தபோது திண்ணையில் இருந்தவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "அந்த மணிய முதல்லயே அடிச்சிருக்கலாமே, மனே."

இக்கட்டுரை அந்த ஒரு வார்த்தையிலிருந்து பிறந்தது.

படத்தின் பெயர் 'மெற்றோபொலிஸ்'. 1927ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் திகதி பேர்லின் நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. இயக்கியவர் பிரிட்ஸ் லாங். வியன்னாவில் 1890இல் பிறந்து கத்தோலிக்கராக வளர்க்கப்பட்டவர். கதையை எழுதியவர் அவருடைய மனைவி தேயா வொன் ஹார்பு. வரப்போகும் காலத்து மாநகரம் எப்படி இருக்கும் என்று காட்டுவதே படத்தின் நோக்கம். அக்காலத்தில் ஜேர்மனியில் அதுவரை எந்தப் படத்துக்கும் செலவிடாத அளவுக்குப் பணத்தைக் கொட்டினார்கள். தயாரித்த ஊஃபா நிறுவனம் கடனில் மூழ்கும் நிலைக்கு வந்தது. படமோ அன்று ஓடவில்லை. நீளம் அதிகம் என்று வெட்டிக் குறைத்தார்கள். வெட்டிய பகுதிகள் அழிந்தே போயின என்றுதான் எண்பது ஆண்டுகள் உலகம் எண்ணியிருந்தது. 2008இல் ஆர்ஜென்ரீனாவின் புவனஸ் அயர்ஸ் நகரிலுள்ள திரைப்பட அரும்பொருளகத்தில் ஏறக்குறைய முழுமையான பிரதி ஒன்று, கீறல் விழுந்த நிலையில், கண்டெடுக்கப்பட்டது. அதைச் சேர்த்துச் செப்பனிட்ட படமே இன்று நாம் காண்பது. அதற்கு முன்பே, 2001இல், யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்ற முதலாவது திரைப்படம் என்ற பெருமையும் இதற்கு உண்டு.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். மேலே வானளாவிய மாடங்கள். அவற்றில் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் விளையாடும் பூங்காக்கள். அதற்குக் கீழே இயந்திரங்கள். அதற்கும் கீழே, சூரிய ஒளி எட்டாத ஆழத்தில், தொழிலாளர் குடியிருக்கும் நகரம். தொழிலாளர் தலை கவிழ்ந்து, வரிசையாக, ஒரே நடையாக நடக்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் இல்லை, இலக்கம் உண்டு. மாநகரின் அதிபதி பிரெடர்சன். அவன் மகன் பிரெடர் ஒருநாள் கீழே இறங்கிப் போகிறான். பேரியந்திரம் ஒன்று வெடித்து மனிதர் தூக்கி எறியப்படுவதைக் காண்கிறான். அவன் கண்ணுக்கு அது இயந்திரமாகத் தெரியவில்லை. வாய் திறந்து மனிதரை விழுங்கும் மோலேக்காகத் தெரிகின்றது. பழைய ஏற்பாட்டைப் படித்தவர்களுக்கு மோலேக்கு யார் என்பது தெரியும். பெற்ற பிள்ளைகளையே நெருப்பில் பலியிடும்படி கேட்ட பொய்த் தெய்வம் அது.

கீழே மரியா என்னும் இளம்பெண் தொழிலாளரைச் சுரங்கக் கல்லறைகளில் கூட்டி, பொறுமையாய் இருங்கள், உங்களுக்கும் மேலே உள்ளவர்களுக்கும் இடையில் ஒரு நடுவர் வருவார் என்று தேற்றுகிறாள். அதிபதி இதை ஒளிந்திருந்து கேட்கிறான்; அஞ்சுகிறான். றொட்வாங் என்ற விஞ்ஞானி செய்து வைத்திருக்கும் இயந்திரப் பெண்ணுக்கு மரியாவின் முகத்தைக் கொடுக்கச் சொல்கிறான். அந்தப் பொய் மரியா தொழிலாளரைத் தூண்டிவிட, அவர்கள் நகரின் இதய இயந்திரத்தை உடைக்கிறார்கள். அது உடைந்ததும் நீர்த்தேக்கங்கள் உடைத்துக்கொண்டு அவர்களுடைய சொந்த வீடுகளுக்குள்ளேயே வெள்ளம் பாய்கின்றது. உண்மை மரியாவும் பிரெடரும் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறார்கள். இறுதியில் பேராலய வாசலில் தொழிலாளர் தலைவனும் அதிபதியும் கைகுலுக்கத் தயங்கி நிற்க, மகன் இருவர் கைகளையும் சேர்த்து வைக்கிறான். மூளைக்கும் கைகளுக்கும் இடையே இதயமே நடுவராக இருக்க வேண்டும் என்பது படம் தரும் போதனை.

அழகான போதனைதான். மேடையிலும் மறையுரையிலும் சொல்லத் தகுந்தது. ஆனால் அது போதுமா? இதுவே உங்கள் முன் நான் வைக்க விரும்பும் கேள்வி.

போதாது என்று அன்றே சொன்னவர்கள் உண்டு. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1927இலேயே நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் இப்படத்தைக் கடுமையாகச் சாடினார். இயந்திரம் பெருகினால் மனிதனின் அடிமை உழைப்புக் குறையுமே தவிரப் பெருகாது என்பது அவர் வாதம். தம் எண்ணத்தைக் காட்ட அவரே கதை எழுதி 1936இல் 'திங்ஸ் ரு கம்' என்றொரு படம் வெளிவந்தது. அதில் 1940இல் பெரும் போர் மூள்கிறது, உலகம் பாழாகிறது, பின்னர் விமானங்களில் வந்திறங்கும் பொறியியலாளரும் விஞ்ஞானிகளும் எல்லாவற்றையும் சீராக்கி வெண்ணிற நகரங்களைக் கட்டுகிறார்கள். போரைப் பற்றி அவர் சொன்னது ஏறக்குறைய பலித்தது. விஞ்ஞானிகளைப் பற்றிச் சொன்னது பலிக்கவில்லை. மூளை மட்டும் ஆண்டால் உலகம் உய்யும் என்று வெல்ஸ் நம்பினார். இதயம் நடுவில் நின்றால் உய்யும் என்று தேயா வொன் ஹார்பு நம்பினார். இயக்குநர் லாங்கோ பிற்காலத்தில், அந்த முடிவு தமக்குத் திருப்தி தரவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் லாங் நாட்டை விட்டு வெளியேறினார். இதயத்தைப் போதித்த அம்மையாரோ நாட்சிக் கட்சியில் சேர்ந்தார். (அதே அம்மையார் லாங்கைப் பிரிந்தபின் ஆயி தெண்டுல்கர் என்ற இந்தியரை மணந்தார் என்பதும் வரலாறு. மனித மனம் எத்தனை அறைகள் கொண்டது!)

எனக்கு இருக்கும் தடை வேறு. மனிதரை மூளை என்றும் கை என்றும் இரண்டாகப் பிரித்துவிட்டுப் பிறகு நடுவரைத் தேடுவது ஏன்? கல்முனையிலிருந்து வடக்கே சற்றுத் தூரத்தில் இருக்கும் மருதமுனைக்குப் போய்ப் பாருங்கள். பரம்பரை பரம்பரையாகக் கைத்தறி நெய்யும் முஸ்லிம் ஊர். மருதமுனைச் சாரமும் சேலையும் நாடறிந்தவை. தறியில் இருப்பவரின் கால்கள் மிதிகட்டையில். ஒரு கை நாடாவை ஓட்டுகின்றது. கண் பாவின் இழைகளை எண்ணுகின்றது. எந்த நிறம் எத்தனையாவது ஓட்டத்தில் வரவேண்டும் என்ற கணக்கு முழுவதும் மனத்தில் ஓடுகின்றது. இவர் கையா, மூளையா? 1977இல் இறக்குமதிக்குக் கதவு திறக்கப்பட்டதும் விசைத்தறித் துணி மலிவாக வந்து குவிந்தது. இந்நாட்டுக் கைத்தறித் தொழில் ஒடிந்தது. 2004இல் கடல் எஞ்சியிருந்த தறிகளிலும் பலவற்றைக் கொண்டுபோயிற்று. இத்தனைக்குப் பின்னும் அத்தொழில் அங்கே முற்றாக நின்றுவிடவில்லை. வேலை மனிதனுக்காக, மனிதன் வேலைக்காக அல்லன் என்று பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981 செப்ரெம்பரில் வெளியிட்ட மனித உழைப்பைப் பற்றிய சுற்றுமடலில் விளக்கினார். தறிக்காரர் ஒருவரின் அருகில் அரை மணித்தியாலம் இருந்தால் அச்சுற்றுமடல் இன்னும் நன்றாக விளங்கும்.

சரி, படத்துக்கு வருவோம். கடைசிக் காட்சியை மீண்டும் நினைத்துப் பாருங்கள். கைகள் இணைகின்றன, திரை விழுகின்றது. நாளை எத்தனை மணித்தியால வேலை? தொழிலாளர் இனியும் நிலத்துக்கு அடியிலேயா குடியிருப்பர்? இடிந்த வீடுகளை யார் கட்டித் தருவர்? ஒரு சொல் இல்லை. இருவரும் நெகிழ்ந்து போகிறார்கள், அவ்வளவுதான். அங்கே குறைவாய் இருந்தது இதயம் அன்று. ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய்ச் சேரும் உண்மையான சொல்தான் குறைவாய் இருந்தது.

இந்தக் கண்ணோடு பார்த்தால், பேசாப் படமாகிய இப்படம் முழுவதும் சொல்லைப் பற்றியதே என்பது புலப்படும்.

மரியா தொழிலாளருக்கு பாபேல் கோபுரத்தின் கதையைச் சொல்கிறாள். நம் விவிலியத்தில் உள்ளபடி அல்ல. சற்றே மாற்றிச் சொல்கிறாள். விண்ணைத் தொடும் கோபுரத்தைக் கனவு கண்டவர்கள் சிலர். கட்டக் கை வேண்டும். கூலிக்கு ஆயிரமாயிரம் பேரைக் கொண்டுவந்தார்கள். கனவு கண்டவர்களின் கனவைக் கல் சுமந்தவர்கள் அறியவில்லை. கல் சுமந்தவர்களின் வேதனையைக் கனவு கண்டவர்கள் அறியவில்லை. தொடக்கநூலில் இறைவன் மொழிகளைக் குழப்பியதால் கோபுரம் நின்றது. இப்படத்திலோ எல்லாரும் ஒரே மொழியைப் பேசுகிறார்கள். ஆயினும் ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்கவில்லை. அதனால் கோபுரம் இடிகின்றது.

வாசகரே, ஒரே மொழி பேசியும் விளங்காமற் போவது எப்படி என்று நம் கரையோரத்தவருக்குப் பாடம் சொல்ல வேண்டுமா? பெரியநீலாவணையிலிருந்து நிந்தவூர் வரை நடந்து போனால் முஸ்லிம் ஊர், தமிழ் ஊர், மீண்டும் முஸ்லிம் ஊர் என்று பின்னிப் பிணைந்து கிடக்கும். ஒருபுறம் கடல், மறுபுறம் வயல். நடுவே ஒரு நாடா அகலம் நிலம். பேசுவது ஒரே தமிழ். வயற்காரரும் போடியாரும், மீனவரும் வியாபாரியும், தாயும் மருத்துவிச்சியும் அந்தத் தமிழில்தான் எத்தனையோ தலைமுறைகள் பேசிக்கொண்டார்கள். அப்படியிருந்தும் 1985இலும் 1990இலும் நடந்தவற்றை இரு சமூகத்தவரும் மறக்கவில்லை. எண்ணிக்கையை இங்கே எழுதி யாருடைய புண்ணையும் கிளற நான் விரும்பவில்லை. பிரதேச செயலக எல்லையைப் பற்றிய பிணக்கு 2019இல் உண்ணாவிரதம் வரை போயிற்று. இரு தரப்பும் சொன்னவற்றைப் பத்திரிகையில் படித்தேன். ஒவ்வொரு தரப்பும் தன் ஆட்களுக்கே பேசிக்கொண்டிருந்தது.

இரண்டாவது, பொய் மரியா. இதுதான் படத்தின் தீர்க்கதரிசனம் என்று பலரும் சொல்வர். எனக்கும் அதில் மாறுபாடு இல்லை. அன்புக்குரிய ஒருத்தியின் முகம், உள்ளே உலோகம். பதினெட்டு, பத்தொன்பது வயதே நிரம்பிய பிரிகிற்றே ஹெல்ம் என்ற நடிகை இரு வேடங்களிலும் தோன்றுகிறார். வேறுபாடு ஒரு கண்ணின் இமையிலும் தோளின் சாய்விலும் மட்டுமே தெரியும். கூட்டத்துக்கு அது தெரியவில்லை. நம்பிய முகம் சொல்லிற்று, ஆகவே உடைத்தார்கள்.

2018ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, நமது மாவட்டத்தின் தலைநகராகிய அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் சாப்பிட வந்த ஒருவரின் கறியில் ஏதோ கட்டி தட்டுப்பட்டது. அது சிங்களவரை மலடாக்கும் மருந்து என்று கூச்சல் எழுந்தது. சூழ்ந்து நின்று மிரட்டிக் கேட்டவர்களிடம், சிங்களம் சரியாக விளங்காத காசாளர், அஞ்சி நடுங்கி, கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டார். அதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து பேஸ்புக்கில் விட்டார்கள். அன்றிரவே பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அந்தக் கட்டியைச் சோதித்த அரச பகுப்பாய்வாளர் அது வெறும் மாவு என்றார். அப்படி மலடாக்கும் மாத்திரை உலகிலேயே இல்லை என்று வைத்தியர்களும் சொன்னார்கள். மாவு என்ற உண்மை மெல்ல நடந்து வந்தது. மருந்து என்ற பொய் பறந்து போயிற்று. அடுத்த மாதம் கண்டிப் பகுதியில் தீ மூண்டபோது அந்தப் பொய்யும் விறகுகளில் ஒன்று. அந்த வன்செயல்களில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது.

வதந்தி பேஸ்புக்கோடு பிறந்ததல்ல. இதே மாவட்டத்தில் கல்லோயாக் குடியேற்றத்தில் 1956 ஜூன் மாதம் தமிழர் கொல்லப்பட்டபோதும், ஒரு பெண்ணைப் பற்றிய பொய்க் கதைதான் முன்னே ஓடிற்று. ஆனால் அன்று பொய்க்குக் கால்தான் இருந்தது. இன்று முகமும் குரலும் இருக்கின்றன. உங்கள் ஆயரின் முகத்தையோ, மௌலவியின் குரலையோ, வெளிநாட்டில் இருக்கும் மகனின் குரலையோ வைத்து அவர்கள் சொல்லாத ஒன்றைச் சொல்ல வைக்கக் கணினியால் முடிகின்றது. 2025 மே மாதம் தெரிவான பாப்பரசர், பதினான்காம் சிங்கராயர் என்ற பெயரைத் தாம் ஏற்றதற்குக் காரணம் சொல்லும்போது, 1891இல் தொழிலாளரின் உரிமையைப் பற்றிச் சுற்றுமடல் எழுதிய பதின்மூன்றாம் சிங்கராயரை நினைவூட்டி, இன்றைய செயற்கை நுண்ணறிவு மனித மாண்புக்கும் நீதிக்கும் உழைப்புக்கும் விடுக்கும் சவாலையும் குறிப்பிட்டார். 1927இல் படமாகியதும் 2025இல் பாப்பரசர் கவலைப்பட்டதும் ஒரே விடயம்தான். பொய் மரியாவை ஏவியவன் மேலே இருந்த அதிபதி என்பதையும் மறக்க வேண்டாம். வெள்ளம் வந்தபோது அவனுடைய சொந்த மகனும் கீழேதான் இருந்தான்.

இனி மூத்தம்மா சொன்ன மணி.

தொழிலாளர் இதய இயந்திரத்தை உடைத்துவிட்டுக் கைகோத்து ஆடுகிறார்கள். ஆண்களும் பெண்களும் ஆடுகிறார்கள். அப்போது இயந்திரத்தைக் காத்து நின்ற குறொட் என்பவன் கேட்கிறான்: உங்கள் பிள்ளைகள் எங்கே? அந்த நொடியில்தான் அவர்களுக்கு நினைவு வருகின்றது. அதன்பின் அவர்கள் செய்வது என்ன தெரியுமா? பிள்ளைகளைத் தேடிப் போகவில்லை. எரிப்பதற்கு ஒருத்தியைத் தேடிப் போகிறார்கள். இந்தக் காட்சியைப் பார்த்துத் தலை குனிந்தேன்.

ஒரு செய்தியை இங்கே இடையில் சொல்ல வேண்டும். இவ்வெள்ளக் காட்சியைப் படமாக்குவதற்குப் பேர்லினின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் கூட்டிவந்து தண்ணீரில் நிறுத்தினார்கள். வேலையில்லாத் திண்டாட்டம் நிலவிய காலம், தாய்மார் மறுக்கவில்லை. ஏழைகளின் துயரத்தைக் காட்டும் படத்தில் ஏழைகளின் பிள்ளைகளே நனைந்தார்கள். கலைக்கும் ஒரு மேல் நகரம், கீழ் நகரம் உண்டு போலும்.

2004 டிசெம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் கிறிஸ்து பிறப்புப் பெருவிழா. வீடுகளில் பலகாரம் இன்னும் தீரவில்லை. நம் நேரப்படி காலை ஏழு மணிக்குச் சற்று முன் சுமாத்திராவுக்கு அருகே கடலடித் தரை பிளந்தது. பதினைந்து நிமிடத்தில், ஹவாய்த் தீவில் உள்ள பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையத்திலிருந்து பசுபிக் நாடுகளுக்கு முதல் அறிக்கை போய்விட்டது. நில நடுக்கத்தின் அளவை அவர்கள் முதலில் குறைவாகவே கணித்திருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் சரியாகக் கணித்திருந்தாலும் இந்து சமுத்திரக் கரைகளுக்குச் சொல்லி அனுப்ப ஒரு வழி இருக்கவில்லை. எந்த மேசையில் எந்தத் தொலைபேசி ஒலிக்க வேண்டும் என்று எவரும் ஏற்பாடு செய்து வைத்திருக்கவில்லை. அலை நம் கரைக்கு வர ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. ஒன்றரை மணித்தியாலம்! கல்முனைக்குடியின் கடற்கரையிலிருந்து வயல் ஓரத்துக்கு நடந்தே போக அதில் கால் பங்கு நேரம் போதும். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, நடக்க இயலாத கிழவியைத் தோளில் போட்டுக்கொண்டு போனாலும் போதும். அன்று இலங்கையில் மிக அதிகமானோர் மாண்டது அம்பாறை மாவட்டத்திலேதான், பத்தாயிரத்துக்கு மேல். சாய்ந்தமருது, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, காரைதீவு என்று அலை ஊர் பார்க்கவில்லை, மதம் பார்க்கவில்லை. ஆனால் ஒன்றைப் பார்த்தது. கடலை ஒட்டிய முதல் வரிசையில் இருந்தவர் யார்? கரைவலைக்காரர், கூலிக்காரர், காணி வாங்க வழியற்றவர். இங்கே கீழ் நகரம் என்பது கரையின் முதல் வரிசை.

இதில் என் மனத்தை இன்னும் உறுத்துவது ஒன்று. செயற்கைக் கோள்களை வானில் நிறுத்தி உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று 1945இல், ஒரு செயற்கைக் கோளும் ஏவப்படாத காலத்தில், எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். '2001' என்ற புகழ்பெற்ற விண்வெளிப் படத்தின் கதையில் பங்கு கொண்டவர். அவர் 1956 முதல் வாழ்ந்தது நம் இலங்கையில். 2008இல் கொழும்பிலேயே மறைந்தார். அந்த டிசெம்பர் காலையில் அவர் இதே தீவில்தான் இருந்தார். ஹிக்கடுவையில் இருந்த அவருடைய சுழியோடல் நிலையத்தையும் கடல் அழித்தது. செய்தி அனுப்பும் வழியை உலகுக்குச் சொன்னவர் இருந்த நாட்டில், வானில் அவர் சொன்னபடியே கோள்கள் பல சுற்றிக்கொண்டிருந்த ஆண்டில், ஒரு செய்தி கடைசி முந்நூறு யாரைக் கடந்து மீனவன் குடிசைக்கு வரவில்லை. மூளை இருந்தது. கைகள் இருந்தன.

இதயமும் இருந்தது, அன்பர்களே. அதை மறுப்பது நன்றிகேடு. அன்று மதியமே பள்ளிவாசல்களும் கோயில்களும் ஆலயங்களும் பாடசாலைகளும் திறந்துவிடப்பட்டன. யார் யாருடைய பிள்ளைக்குச் சோறு ஊட்டினார் என்று கணக்கு வைக்கவில்லை. உலகமே அள்ளிக் கொடுத்தது. ஆனால் இதயம் எப்போதும் பின்னால்தான் வருகின்றது. பின்னால் வந்தாலும் சொல் இல்லாவிட்டால் தடுமாறுகின்றது. சவூதி அரேபியாவின் கொடையில் அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் ஐந்நூறு வீடுகள் கட்டப்பட்டன. யாருக்குக் கொடுப்பது என்பதில் பிணக்கு எழுந்து வழக்காடும் நிலைக்குப் போய், அவ்வீடுகள் பல ஆண்டுகள் ஆளில்லாமல் காடுபற்றிக் கிடந்தன. கட்டுவதற்கு முன் அங்குள்ள மூன்று சமூகத்தவரும் ஒரு மேசையைச் சுற்றி இருந்து பேசியிருந்தால்? கை கொடுத்தார்கள், பேசவில்லை. 'மெற்றோபொலிஸ்' முடிவதும் அப்படித்தானே?

நடுவர் என்பவர் கண்ணீரோடு இரு கைகளைச் சேர்த்து வைப்பவர் அல்லர் என்று எனக்குத் தோன்றுகின்றது. மேலே தெரிந்ததைக் கீழே கொண்டு போய்ச் சொல்பவர். கீழே வலிப்பதை மேலே ஏற்றிச் சொல்பவர். பொய் முகம் வந்து நின்றால், இது அவர் பேச்சல்ல என்று துணிந்து சொல்பவர். விழா நாளில் தோன்றும் ஒருவர் இதற்குப் போதாது. அன்றாடம் செய்ய வேண்டிய, களைப்பூட்டும், புகழ் இல்லாத வேலை இது. புனித அருளப்பர் தம் நற்செய்தியைத் தொடங்கும்போது, மனிதரிடையே வந்து குடிகொண்டவரை இதயம் என்று அழைக்கவில்லை, வேறொரு பெயரால் அழைத்தார் என்பதை நீங்களே நினைத்துக்கொள்வீர்கள்.

2005இல் இடர் முகாமைத்துவச் சட்டம் வந்தது. கரையோரத்தில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவில் மீண்டும் பெரும் நில நடுக்கம் ஏற்பட்டபோது எச்சரிக்கை வந்தது. சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய பரபரப்பு. வேலைக்குப் போனவர் வேலையிடத்தில், கடைக்குப் போனவர் கடையில். எங்கள் பகுதியில் முதலில் கேட்டது பள்ளிவாசல் ஒலிபெருக்கி. யாருடைய பள்ளி, யாருடைய குரல் என்று எவரும் கேட்கவில்லை. எல்லாரும் மேற்கே ஓடினோம். அலை வரவில்லை. சிலர் வீண் அலைச்சல் என்று முணுமுணுத்தார்கள். மூத்தம்மா மட்டும் வயல் வரம்பில் குந்தியிருந்து பேரப்பிள்ளைகளின் தலைகளை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

அன்று அவரிடம் சொல்லாத ஒரு கதையை, படம் பார்த்த அந்த இரவில் திண்ணையில் இருந்து சொன்னேன். தமிழ்நாட்டுக்கு அருகே புதுச்சேரியில் நல்லவாடு என்றொரு மீனவக் கிராமம். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு அறிவு மையத்தை அமைத்து, கடலில் அலை எவ்வளவு உயரம், காற்று எப்படி என்று நாள்தோறும் ஒலிபெருக்கியில் மீனவருக்குச் சொல்ல ஏற்பாடு செய்திருந்தது. 2004 டிசெம்பர் 26 காலை, அக்கிராமத்தவர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தார். தொலைக்காட்சியில் சுமாத்திராச் செய்தியைப் பார்த்தார். உடனே வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். கடல் ஏறுகின்றது, எல்லாரையும் போகச் சொல் என்றார். கேட்டவர்கள் அறிவு மையத்துக்கு ஓடினார்கள். ஞாயிற்றுக்கிழமை, மையம் பூட்டியிருந்தது.

"பொறகு?" என்றார் மூத்தம்மா.

கதவை உடைத்தார்கள். உள்ளே போய் ஒலிபெருக்கியைப் போட்டு, திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வீடுகள் போயின, வள்ளங்கள் போயின. மூவாயிரத்துக்கு மேற்பட்டவர் வாழ்ந்த ஊரில் அன்று ஓர் உயிரும் போகவில்லை.

மூத்தம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அந்தப் பூட்டை உடைத்த பிள்ளை யார் என்று கேட்டார்.